வியாபாரிக்கு இன்று விடுமுறை

மருமகள் வகுப்பில் மாமியாரை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். மாமியாருக்குப் பதில் தெரியவில்லை. போன வாரம் கதையை அங்கேதான் விட்டுவிட்டுப் போனோம். மாமியார் ஒரு வாரமாக நின்றுகொண்டே இருப்பதாக நினைத்து யாரும் வருந்த வேண்டாம். மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார். மனசுதான் இன்னும் உட்காரவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அடுத்த வருஷத்திலிருந்து ஏழாம் வகுப்புக்கு ஆசியா தனிப் பாடம். அதை எப்படி நடத்துவது என்று எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் மூன்று நாள் பயிற்சி. பயிற்சி தருகிறவள் மருமகள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறவர்களில் ஒருவர் அவளுடைய மாமியார். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்று உண்டா என்பது சந்தேகம்.

மாமியார் லேசுப்பட்ட டீச்சர் அல்ல. ஊரில் பாதிப் பேருக்கு வரலாறு நடத்தியவர். அவருடைய பட்டுப்பாதைப் பாடம் பிரசித்தம். பெரிய மீசை வைத்த ஒரு வியாபாரி சீனாவில் பட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு ரோமாபுரி வரைக்கும் நடந்தே போவார். கூட ஓர் ஒட்டகம். நடக்கச் சொன்னால் 'அப்புறம்' என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுகொள்ளும். அதனால் பெயரே அப்புறம். பாலைவனத்தில் அப்புறம் செத்துப்போகும் இடத்தில் வகுப்பே அழும். அழாத பிள்ளைகளை டீச்சர் கவலையோடு பார்ப்பார்.

நேற்று மருமகள் கேட்டது இதுதான். "அந்த வியாபாரி யாரு, டீச்சர்? எந்தக் காலம்? நமக்கு எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டு, அவ்வளவு தூரமும் ஒரே ஆள் சரக்கைக் கொண்டுபோனது அபூர்வம், பட்டு கை மாறிக் கை மாறித்தான் போனது என்று மெதுவாகச் சொன்னாள்.

வியாபாரி, டீச்சர் கற்பனையில் பெற்றெடுத்த பிள்ளை. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. 'ஒட்டகத்தின் பெயர் என்ன?' என்று பரீட்சையில் கேட்டு, தப்பாக எழுதியவர்களுக்கு மார்க் குறைத்த காலமெல்லாம் உண்டு.

இன்று கடைசி நாள். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பார்த்துவிட்டு மருமகள் 'தயார்' என்றோ 'இன்னொரு முறை' என்றோ போடுவாள். 'தயார்' வாங்காதவருக்கு ஏழாம் வகுப்பு இல்லை. பள்ளியில் மற்ற வகுப்புகளை ஏற்கெனவே பங்கு போட்டுவிட்டார்கள். டீச்சருக்கு மிச்சம், தேர்வு அறையில் விடைத்தாள்களைக் கட்டுக் கட்டி வைக்கும் வேலை. வகுப்பில்லாத டீச்சராக ஒரு நாள்கூட இருந்ததில்லை அவர்.

காலைச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். நடுவில் மகன்.

மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். 'இது தெளிவா, அது தெளிவா' என்று வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவன். அந்தப் பொறுமை வீட்டில் செல்லுபடியாகவில்லை.

"டேய், ஜாம் வேணுமான்னு அவங்ககிட்ட கேளு."

"அம்மா, அவ இங்கதான் உட்கார்ந்திருக்கா."

"பயிற்சியாளர்கிட்ட நேரா பேசலாமோ கூடாதோ. கையைத் தூக்கிட்டுத்தான் பேசணும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க."

மருமகள் ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "டீல சர்க்கரை போதுமான்னு அத்தையைக் கேளுங்க."

"அம்மா, சர்க்கரை..."

"போதும்னு சொல்லு. நேத்து ஊட்டினதே இன்னும் தித்திக்குது."

மகன் தொண்டையைச் செருமினான். "நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

"யார்கிட்ட?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். மூன்று நாளில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு கேள்வியில்தான்.

"பொதுவா சொன்னேன்," என்று டீக்கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

ஒரே பஸ்ஸில் போனார்கள். மாமியார் முன்வரிசை, மருமகள் பின்வரிசை. இறங்கும்போது மருமகள் கையிலிருந்த வரைபடச் சுருள்கள் சரிந்தன. டீச்சர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கண்டத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் மாடியேறினார்கள்.

ஆசிரியர்களைப் போல மோசமான மாணவர்கள் எங்கும் கிடைக்க மாட்டார்கள். வருஷம் பூராவும் 'பேசாதே' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள், பெஞ்சில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பேசுகிறார்கள். அறிவியல் டீச்சர் பயிற்சிக் கையேட்டின் பிழைகளைச் சிவப்பில் சுழித்து, கடைசிப் பக்கத்தில் பத்துக்கு ஆறு போட்டு வைத்திருந்தார். கடைசி பெஞ்சைப் பிடிப்பதற்காகவே கணக்கு சார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார்.

மாதிரி வகுப்பில் ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும் என்பது விதி. நடிக்க யாரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கு சார். "ஆசியாக்காரங்க எல்லாரும் கடுமையா உழைப்பாங்க. எல்லாரும் அரிசி சாப்பிடுவாங்க."

மருமகள் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள். "சார், எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"சைபீரியாவும் ஆசியாதானே, சார். பனியில நெல்லு எப்படி விளையும்?"

கணக்கு சார் கொஞ்சம் யோசித்தார். "வாங்கிச் சாப்பிடுவாங்க."

ஹால் வெடித்துச் சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை. "நல்ல பதில், சார். யார்கிட்ட வாங்கறாங்க, எந்த வழியா வருது, அதுக்கு முன்னாடி அங்க என்ன சாப்பிட்டாங்க? இதை மட்டும் எடுத்துக்கிட்டாலே ஒரு முழு வகுப்பு வரும்."

அதைத்தான் சொல்ல வந்தேன் என்ற முகத்தோடு கணக்கு சார் போய் உட்கார்ந்தார். மார்க் போடுவதற்குள் மதியமே மறுபடி எடுக்கிறேன் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். குத்திக்காட்ட அவ்வளவு அருமையான இடம். தானாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். இவள் விட்டுவிட்டாள். விட்டதோடு அந்த மனுஷனை ஒரு படி ஏற்றியும் விட்டாள்.

அடுத்து வந்த இளம் மொழி டீச்சர், துறைமுக ஊர் ஒன்றில் ஒரு நாள் காலை என்று பலகையில் எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பியவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிலைமை தெரியும். தெரிந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மருமகள் எழுந்து போய் முதல் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "மிஸ், அந்தக் கப்பல்ல பூனை இருக்குமா?"

மொழி டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கும். எலி இருக்குமில்ல?"

"எலி எதுக்கு மிஸ் கப்பலுக்கு வருது?"

"தானிய மூட்டைக்கு."

"மூட்டை எங்கேர்ந்து வருது?"

அதற்கப்புறம் பாடம் தன்னால் நடந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், சுங்கம் வசூலிக்கிறவர் வந்தார், பாஷை தெரியாத மாலுமியை ஏமாற்றப் பார்த்த கடைக்காரர் வந்தார். கடைசியில் ஒரு முழு ஊர் பலகைக்கு முன்னால் நின்றது. மருமகள் எப்போது பெஞ்சைவிட்டு எழுந்து போனாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

'பாவி, என்னமா செய்யறா!' என்று டீச்சர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னது தன் காதில் விழுந்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது.

மதியம் டீச்சர் முறை வந்தது. அவர் மேடையேறுவதற்குள் விளையாட்டு மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். ஒரு காலத்தில் டீச்சரின் மாணவர். அழுத பிள்ளைகளில் முக்கியமானவர்.

"டீச்சர், டீச்சர்! அப்புறம் இன்னிக்கும் சாகுமா?"

"அப்புறமும் இல்லை, வியாபாரியும் இல்லை. அவருக்கு இன்னிக்கு லீவு."

"மெடிக்கல் லீவா, டீச்சர்?"

"நிரந்தர லீவு."

"அநியாயம்!" என்றது நடு பெஞ்சு. "அப்ப ரோமாபுரிக்கு யார் போறது?" என்றது இன்னொரு குரல். இவர்களும் பழைய மாணவர்கள்தான். நடிப்பு எங்கே முடிந்தது, நிஜக் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. ரொம்ப நாள் தங்கியிருந்த சொந்தக்காரரை ரயிலேற்றிவிட்ட மாதிரி டீச்சருக்கும் இருந்தது.

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து முதல் பெஞ்சில் போட்டார். "நீங்க சீனா. கடைசி பெஞ்சு ரோமாபுரி. நடுவுல இருக்கறவங்க வழியில இருக்கிற ஊருங்க. முன்னாடி பெஞ்சுல வாங்கி, பின்னாடி பெஞ்சுக்கு வித்துக்கலாம். அதைத் தாண்டி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாங்கின விலைக்கே வித்தா வீட்டுல அடுப்பு எரியாது."

சால்வை கிளம்பியது. பெஞ்சுக்குப் பெஞ்சு விலை ஏறியது. விளையாட்டு மாஸ்டர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நகர மறுத்தார்.

"எனக்கே பிடிச்சிருக்கு, டீச்சர். விக்கறதா இல்லை."

"அப்ப நீ வியாபாரி இல்லப்பா, ராஜா. உனக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்கு இன்னிக்குப் பட்டினி."

பின்பெஞ்சுக்காரர்கள் ராஜாவை விலாவில் குத்தி வழிக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு சாரிடம் வந்து சேர்ந்தபோது சால்வை ஒரு வீட்டின் விலைக்கு வந்திருந்தது. அவர் கடைசி பெஞ்சைப் பிடித்ததற்காக முதல்முறையாக வருந்தினார்.

"ரோமாபுரி, இதை யார் செஞ்சாங்க?"

"முன் பெஞ்சுல குடுத்தாங்க."

"அவங்களுக்கு யார் குடுத்தா?"

"தெரியாது."

"எதுலேர்ந்து செய்யறாங்க?"

கணக்கு சார் சால்வையைத் தடவிப் பார்த்தார். "ஏதாவது மரத்துல காய்க்குதோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க," என்றார் டீச்சர். "ரோமாபுரியில ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டிருந்தாங்க." பிறகு முன்பக்கம் திரும்பினார். "சீனா, உங்க பட்டை யாரு உடுத்திக்கறாங்க?"

முதல் பெஞ்சிலிருந்த அறிவியல் டீச்சர் கழுத்தை வளைத்துப் பார்த்தார். நடுவில் தலைகள்தான் தெரிந்தன. "பின்னாடி யாரோ, டீச்சர். இங்கேர்ந்து தெரியல."

ஹால் அமைதியானது. மூன்று நாளில் முதல் அமைதி. அப்புறம் கைதட்டல். மருமகள் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தட்டினாள்.

சாயங்காலம் வரைபடங்கள் வைக்கும் சின்ன அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"உட்காருங்க, டீச்சர்."

"நேத்துலேர்ந்து நின்னே பழக்கமாயிடுச்சு, மேடம்."

மருமகள் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு முறைன்னு போட்டிருக்கேன்."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். "கை தட்டினாங்களே!"

"நானும்தான் தட்டினேன். இந்த மூணு நாள்ல அவ்வளவு நல்லா யாரும் ஆரம்பிக்கல."

"வாயடைச்சு நின்னாளே, அந்தப் பொண்ணுக்கு?"

"தயார். ஒரு ஊரையாவது அந்த ஊருக்காகவே காட்டணும்னு முதல் நாளே சொன்னேன். அவங்க காட்டினாங்க." மருமகள் மேசையில் விரிந்திருந்த வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தாள். "உங்க பாடத்துல சீனா நெய்யுது, ரோமாபுரி ஆசைப்படுது. நடுவுல இருக்கறவங்களுக்குக் கை மட்டும்தான் இருக்கு. இதோ சமர்கண்ட், நடுவழியில இருந்த பெரிய சந்தை ஊர். பட்டு வந்து இறங்கின அன்னிக்கு அந்த ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க, எதுக்குச் சண்டை போட்டுக்கிட்டாங்க, பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்க? ஒண்ணுமே இல்லை. ஆசியாவை நடத்த வந்துட்டு, ஆசியாவைத் தாண்டி ரோமாபுரிக்குப் போயிட்டீங்க, டீச்சர்."

டீச்சர் கோபப்படத் தயாரானார். உள்ளே கோபத்தைத் துழாவினால் சமர்கண்ட்தான் கையில் தட்டுப்பட்டது. இத்தனை வருஷமாக அந்த வழியே போய் வந்திருக்கிறார். ஒரு தடவைகூட நடுவில் இறங்கிப் பார்த்ததில்லை. 'அருமையா நடத்தறீங்க' என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். இப்படி ஒன்றைச் சொன்னவர் யாரும் இல்லை.

இருந்தாலும் மாமியாருக்கென்று ஒரு கடமை இருக்கிறது. "மாமியாரைக் கவுத்துட்டோம்னு ஒரு திருப்தி உனக்கு."

"மாமியாரா இருந்ததாலதான் இந்த ரெண்டு வார்த்தை எழுத அவ்வளவு நேரமாச்சு, அத்தை," என்றாள் மருமகள். "டீச்சரா மட்டும் இருந்திருந்தா உடனே எழுதியிருப்பேன்."

டீச்சர் வெளியே வந்தார். படிக்கட்டில் பயிற்சி மைய இயக்குநர் காத்திருந்தார். யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதில் உறுதியான மனிதர். அவர் சமாதானம் செய்துவைக்கும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவருக்கு வேலை போயிருக்கும்.

"வாங்கம்மா. உங்க பையன் காலையிலேயே போன் பண்ணிட்டார். 'எங்க அம்மாவை எப்படியாவது தேத்திவிடுங்க'ன்னார். பாசமான பையன்."

டீச்சருக்குக் காது சுட்டது.

"மதிப்பீட்டுப் பட்டியலைப் பாத்தேன், நீங்க ஒண்ணு பண்ணுங்க. மாமியாரை மருமகளே மதிப்பிட்டது முறையில்லைன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க. அவங்க போட்டதை ரத்து பண்ணிட்டு, 'தயார்'னு நானே போட்டுடறேன்."

"அவளுக்கு என்ன ஆகும்?"

"புகார்னு வந்துட்டா குழுவுல வெச்சுக்க முடியாது பாருங்க. நடைமுறைதான், வேற ஒண்ணுமில்லை. நாளைக்குக் காலைல வாங்க. அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன்."

பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏழாம் வகுப்பு ஒரு தாள் தூரத்தில் இருந்தது. சுண்ணக்கட்டி வாசனையோடு, முதல் பெஞ்சில் கால் ஆட்டும் பிள்ளைகளோடு, மொத்தமாக இருந்தது. நான்கு வரி எழுதினால் போதும். அதில் பொய்கூட எழுத வேண்டாம். மாமியாரும் மருமகளும் என்பது உண்மைதானே? இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் இறங்காமல் அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார்.

வீட்டில் மகன் ஆவலாக நின்றான். "என்னம்மா, பாஸா?"

"உட்காருடா."

பின்னாலேயே வந்த மருமகள் கதவைச் சாத்தினாள். "நீங்க உட்காருங்க முதல்ல."

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் உட்கார்ந்தான்.

"உன்னை யாருடா போன் பண்ணச் சொன்னது?"

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்."

"கடைக்கு வர்றவருக்கு எழுத்து தெரியலைன்னா கண்ணாடி மாத்துவியா, போர்டுல எழுத்தைப் பெருசாக்கி வெச்சுப் பாஸ்னு அனுப்புவியா?"

மகன் தொழில் பழக்கத்தில் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"முதல் நாளே அவர்கிட்ட போய்ச் சொன்னேன்," என்றாள் மருமகள். இப்போது அவனை விட்டுவிட்டு நேராக மாமியாரிடம். "இவங்க என் மாமியார், வேற யாராவது மதிப்பிடட்டும்னு. 'ஆள் இல்லம்மா, நீயே பாத்துக்கோ'ன்னார். இப்ப என்கிட்ட விளக்கம் கேக்கறார்."

"என்கிட்ட புகார் கேக்கறார்."

"தெரியும், அத்தை." மருமகள் கைப்பையைக் கழற்றிக்கூட வைக்காமல் நின்றாள். "எழுதிக் குடுத்துடுங்க. பிள்ளைங்களுக்கு நீங்க வேணும். இன்னிக்கு அந்த ஹாலைப் பார்த்தேனே. எனக்கு வேற வேலை கிடைக்கும்."

டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணிடம் குறை கண்டுபிடிப்பதில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இன்று அந்த ஒழுங்கு கெட்டுப்போயிருந்தது.

"உனக்கு வேலை கிடைக்கும். உன்னை மாதிரி ஒருத்தி அவங்களுக்குக் கிடைப்பாளா? அந்தப் பொண்ணு திணறிட்டு நின்னப்போ போய் உட்கார்ந்தியே. நாங்க அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்காவது தோணுச்சா?" சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார். இதற்குமேல் போனால் பாராட்டாகிவிடும். "காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நானும் வரேன்."

"புகாரோடவா?"

"புகாரும் இல்லை ஒண்ணும் இல்லை. நான் ஃபெயில்னு சொல்ல வரேன்."

"அத்தை..."

"ஃபெயில்தான், சரியான ஃபெயில், அதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லப் போறேன். ஏன் ஃபெயில்னும் விவரமா சொல்லப் போறேன். அவருக்கும் தெரியட்டும்."

மகனால் தாங்க முடியவில்லை. "அம்மா, பாஸ் போட்டுத் தரேன்னு சொல்றவர்கிட்டப் போய் யாராவது ஃபெயில் கேட்டு..."

"நீ பேசாதே!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

மருமகள் கைப்பையை மேசையில் வைத்தாள். ஏழாம் வகுப்பு என்ன ஆகும், 'இன்னொரு முறை' எப்போது வரும், வந்தால் அவளேதான் பார்ப்பாளா, எதுவும் அவளுக்குத் தெரியாது. அதை முடிவு செய்கிறவரிடம்தான் நாளைக்குச் சண்டைக்குப் போகிறார்கள்.

"அவர் ஒத்துக்கலைன்னா என்ன பண்ணுவீங்க, அத்தை?"

டீச்சர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒத்துக்கற வரைக்கும் பாடம் நடத்துவேன்."